டிரான்ஸ்பர் செய்தியைக் கணக்குப்பிள்ளை போலப் படிப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பகலில் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்.; சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக். டிம் கேஹில் கோல் போட்டுவிட்டு மூலைக் கொடிக்கம்பத்தைக் குத்திக்கொண்டிருந்த காலத்திலிருந்து நான் எவர்ட்டன் கிளப் ஆள். அக்கா மகன் செல்சி ஆள். ஆகஸ்ட் வந்தால் அவனிடமிருந்து போன் வரும். "மாமா, அளவுக்கு மேல நஷ்டம் காட்டினதுக்கு உங்க கிளப்புக்குப் பத்துப் புள்ளி வெட்டினாங்க. நாங்க இவ்வளவு கொட்டி ஆள் வாங்கியும் ஒரு புள்ளிகூடப் போகலையே, எப்படி?" குத்தலாகக் கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா என்பது வேறு விஷயம். கேள்வி நியாயமானது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். எண்களெல்லாம் மில்லியன் பவுண்டில் இருக்கும், ஏனென்றால் செய்திகளும் கணக்கறிக்கைகளும் அப்படித்தான் வருகின்றன. கோடி பவுண்டில் நினைக்க வேண்டுமென்றால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: தலைப்புத் தொகையை ஆண்டுகளால் வகுப்பது

ஒரு கிளப் 50 மில்லியனுக்கு ஒரு வீரரை வாங்கினால், அந்த ஆண்டுக் கணக்கில் 50 மில்லியன் செலவு ஏறாது. கிளப் வாங்குவது அவருடைய பதிவு உரிமையை. எங்கள் கம்பெனி ஒரு நிட்டிங் மிஷின் வாங்கினால், முழு விலையையும் அந்த வருடச் செலவாக எழுதாமல் தேய்மானமாகப் பிரித்து எழுதுகிறோம் அல்லவா, அதே கதைதான். மிஷினுக்கு ஆயுட்காலம், வீரருக்கு ஒப்பந்தக் காலம். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 10 மில்லியன். நான்கு ஆண்டு என்றால் 12.5. ஒப்பந்தம் முடியும் நாளில் மதிப்பு பூஜ்யம். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரை யாரும் காசு கொடுக்காமல் கூட்டிப்போகலாம் என்பதால், பூஜ்யம் என்று எழுதுவதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே டிரான்ஸ்பர் செய்தி படிக்கும்போது விலைக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று தேடுங்கள். பெரும்பாலும் கிளப்பின் அறிவிப்பிலேயே 'ஜூன் 2030 வரை' என்று இருக்கும். அந்த வரி இல்லாமல் விலையை மட்டும் வைத்து வாதாடுவது வீண்.

செல்சி பிடித்துக்கொண்டது இந்த நூலைத்தான். 2023 ஜனவரி கடைசி நாளில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பிலிருந்து என்ஸோ ஃபெர்னாண்டஸை 106.8 மில்லியனுக்கு வாங்கினார்கள். ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்குச் சுமார் 12.6. வழக்கமான ஐந்து ஆண்டு ஒப்பந்தமாக இருந்திருந்தால் 21க்கு மேல். ஒரே வீரரில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது மில்லியன் இடம் கிடைத்துவிட்டது. இதையே ஒரு டஜன் வீரர்களுக்குச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா விழித்துக்கொண்டது. 2023 ஜூலையிலிருந்து, ஒப்பந்தம் எத்தனை ஆண்டானாலும் தேய்மானத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. பிரீமியர் லீக் அதே வரம்பை 2023 டிசம்பரில்தான் வாக்கெடுத்துக் கொண்டுவந்தது. இடைப்பட்ட ஆகஸ்டில் மொய்செஸ் கைசெடோ எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் செல்சிக்கு வந்தார், 100 மில்லியனுக்கு (போனஸ் தொகைகள் தனி). ஆக, அவர் பிரீமியர் லீக் கணக்கில் ஆண்டுக்கு 12.5, யூஃபா கணக்கில் ஆண்டுக்கு 20. ஒரே ஆள், இரண்டு நோட்டு. வரம்பு முன்தேதியிட்டு வரவில்லை என்பதால் பழைய ஒப்பந்தங்கள் அப்படியே நிற்கின்றன. "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதற்குப் பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி பின்னால் வருகிறது.

ஒப்பந்த நீட்டிப்புச் செய்தியையும் இதே கண்ணோடு படியுங்கள். 60 மில்லியனுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய ஒருவர் மூன்று ஆண்டு ஆடியிருந்தால் 36 தேய்ந்து 24 மீதி. அப்படியே விட்டால் அடுத்த இரண்டு ஆண்டுக்கும் 12, 12. இப்போது புதிதாக நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் அந்த 24 நான்காகப் பிரிந்து ஆண்டுக்கு 6 ஆகிவிடும். சம்பளம் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தாலும் கிளப்புக்குக் கணக்கில் லாபம். 'விசுவாசத்துக்குப் பரிசு' என்று படத்தோடு வரும் அறிவிப்புகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கும்.

சம்பளத்தை விட்டுவிடாதீர்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இது. வாரம் 2 லட்சம் பவுண்டு சம்பளம் என்றால் ஆண்டுக்கு 10.4 மில்லியன். அதன்மேல் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை ஒன்று இருக்கிறது, நம் ஊர் பி.எஃப். பங்கு போல, ஆனால் உச்சவரம்பு கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து அது 15 சதவீதம். ஆக 12 மில்லியன். 50 மில்லியன் வீரரின் தேய்மானம் 10, சம்பளம் 12; ஏஜென்டுக்குக் கொடுத்ததும் வாங்கிய விலையோடு சேர்ந்து தேயும், அது ஒரு 1 என்று வையுங்கள். ஆண்டுக்கு 23. '50 மில்லியன் வீரர்' ஐந்து ஆண்டில் 115 மில்லியன் வீரர்.

இதனால்தான் 'இலவச டிரான்ஸ்பர்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். விலை இல்லை, சரி. அந்த மிச்சத்தை வீரரும் ஏஜென்டும் கையெழுத்துப் பணமாகவும் சம்பளமாகவும் பங்கு போட்டுக்கொள்வார்கள். முப்பது வயது நட்சத்திரம் இலவசமாக வந்து வாரம் 3 லட்சம் வாங்கினால், காப்பீட்டோடு சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 18. இருபத்திரண்டு வயதுப் பையனை 40க்கு வாங்கி வாரம் 60 ஆயிரம் கொடுப்பது அதைவிட மலிவு. அவனைத் திரும்ப விற்கவும் முடியும்.

விற்பனையில்தான் விஷயமே இருக்கிறது

இங்கே நிதானமாகப் படியுங்கள். வாங்கும் விலை ஆண்டுகளில் பரவுகிறது. ஆனால் விற்கும்போது கிடைக்கும் லாபம் முழுவதும் அந்த ஆண்டிலேயே கணக்கில் ஏறுகிறது. லாபம் என்றால் விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிப்பதல்ல. விற்ற விலையிலிருந்து, தேய்ந்தது போக மீதியிருக்கும் புத்தக மதிப்பைக் கழிப்பது.

எங்கள் கிளப்பிலிருந்தே இரண்டு பேரை எடுக்கிறேன். அமடூ ஒனானாவை 2022இல் பிரான்ஸின் லீல் கிளப்பிலிருந்து, செய்திகளில் வந்தபடி, 33 மில்லியனுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினோம். ஆண்டுக்கு 6.6. இரண்டு ஆண்டு ஆடினார், 13.2 தேய்ந்தது, புத்தகத்தில் 19.8 மீதி. 2024 ஜூலையில் ஆஸ்டன் வில்லாவுக்கு 50 மில்லியனுக்குப் போனார். கணக்கில் லாபம் 30.2.

ஆன்டனி கோர்டன் லிவர்பூல் நகரத்துப் பையன். பதினொரு வயதிலிருந்து எவர்ட்டன் அகாடமி. 2023 ஜனவரியில் 40 மில்லியனுக்கு நியூகாசிலுக்கு விற்றார்கள். அவரை யாரிடமிருந்தும் விலைக்கு வாங்கவில்லை, எனவே புத்தக மதிப்பு பூஜ்யம். லாபம் 40, முழுசாக.

50க்கு விற்றவரைவிட 40க்கு விற்றவர் கணக்கில் பத்து மில்லியன் கூட லாபம் தருகிறார். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் இங்கிலாந்து டிரான்ஸ்பர் சந்தையில் பாதி மர்மம் விலகிவிடும். செல்சி ஏன் மேசன் மௌன்ட்டையும் கானர் கேலகரையும் விற்றது, மான்செஸ்டர் சிட்டி ஏன் கோல் பாமரை விட்டது, வில்லா 2021இல் ஜாக் கிரீலிஷை 100 மில்லியனுக்கு விற்றதில் எவ்வளவு லாபம் என்றெல்லாம் தனித்தனியாக விளக்கவே வேண்டாம். எல்லாரும் சொந்தக் கொட்டிலில் வளர்ந்தவர்கள்.

வெறுப்பாகத்தான் இருக்கிறது. கிளப்புகள் தறிகெட்டுச் செலவழித்து மூழ்கக்கூடாது என்று வந்த விதி, உள்ளூரில் வளர்ந்த பையனைத்தான் முதலில் சந்தைக்கு அனுப்பச் சொல்கிறது. காலரியில் இருப்பவன் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறானோ அவன்தான் கணக்குப் பிரிவுக்குச் 'சுத்த லாபம்'. கணக்கு எழுதுபவனாக இந்த விதியில் நான் தப்பு சொல்ல மாட்டேன். புத்தகம் அப்படித்தான் எழுத முடியும். ரசிகனாக, கோர்டன் போன அன்று வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

இன்னொரு பெரிய உதாரணத்தை நீங்களே போட்டுப் பழகலாம். நியூகாசில் அலெக்ஸாண்டர் ஈசாக்கை 2022இல் சுமார் 60 மில்லியனுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியது. 2025 செப்டம்பர் 1 அன்று லிவர்பூலுக்கு 125 மில்லியனுக்கு விற்றது. மூன்று ஆண்டு தேய்மானம் 30, மீதி 30, லாபம் 95 பக்கம். பேப்பரில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

மூன்று ஆண்டுக் கூட்டல்

இனி விதிக்கு வருவோம். 'லாபம் மற்றும் நிலைத்தன்மை விதி' என்று நீட்டி முழக்குவதைச் சுருக்கி பி.எஸ்.ஆர். என்பார்கள். பிரீமியர் லீக்கில் 2025-26 பருவம் வரைக்குமான அளவுகோல் அதுதான். மூன்று ஆண்டுகளின் வரிக்கு முந்தைய நஷ்டத்தைக் கூட்டினால் 105 மில்லியனைத் தாண்டக்கூடாது. அதிலும் முதல் 15 மில்லியன் மட்டுமே கிளப்பின் சொந்த நஷ்டமாக இருக்கலாம். மீதி 90ஐ உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டு அடைக்க வேண்டும், கடனாகக் கொடுத்தால் செல்லாது. மூன்றில் ஏதாவது ஓர் ஆண்டு இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடியிருந்தால், அந்த ஆண்டின் பங்கு 35க்குப் (105இல் மூன்றில் ஒன்று) பதில் 13தான்.

கூட்டுவதற்கு முன் சில செலவுகளைக் கழித்துவிடலாம்: மைதானம், பயிற்சித் தளம் போன்ற கட்டுமானங்கள், இளையோர் அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணிகள். இவற்றை நல்ல செலவு என்று விதி கருதுகிறது. அதனால் கணக்கறிக்கையில் பார்க்கும் நஷ்டமும் பி.எஸ்.ஆர். நஷ்டமும் ஒன்றாக இருக்காது. எவர்ட்டன் 2018-19 முதல் 2021-22 வரை நான்கு ஆண்டுகளில் காட்டிய நஷ்டம் 400 மில்லியனுக்கு மேல். கோவிட் காரணமாக நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளைச் சராசரியாக்கி ஒன்றாக எடுத்து, கழிவுகளும் போக, கடைசியில் நின்றது 124.5. வரம்பு 105. தாண்டியது 19.5. அதற்குத்தான் 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக் காலத்தில் 16.6 தாண்டியதற்கு ஏப்ரலில் இன்னும் 2. எட்டுப் புள்ளி போயும் அந்தப் பருவத்தில் 40 புள்ளியோடு 15ஆம் இடத்தில் முடித்தோம் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒரு கற்பனைக் கிளப்பை வைத்துக் கணக்குப் போடுவோம். வருவாய் 200. சம்பளம் 135, வீரர் தேய்மானம் 60, மற்ற செலவு 55. கூட்டினால் 250, நஷ்டம் 50. அந்த ஆண்டு வீரர் விற்பனை லாபம் 20 என்றால் நஷ்டம் 30ஆகக் குறைகிறது. அகாடமி, பெண்கள் அணி வகையில் 10 கழித்தால் 20. இதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பி.எஸ்.ஆர். நஷ்டம் 45, 50 என்று வைத்தால் கூட்டுத்தொகை 115. பத்து மில்லியன் அதிகம். இது தெரியும்போது ஜூன் முதல் வாரம்.

இப்போது யாரை விற்பது? இரண்டு ஆண்டுக்கு முன் 50க்கு வாங்கியவருக்கு யாரோ 30 தருகிறார்கள். அவருடைய புத்தக மதிப்பும் 30தான். விற்றால் லாபம் பூஜ்யம், இந்த ஆண்டுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. அடுத்த ஆண்டின் தேய்மானமும் சம்பளமும் குறையும், அவ்வளவே. அகாடமியில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒரு கிளப் 12 மில்லியன் தருகிறது. அவனை விற்றால் 103. தப்பித்தாகிவிட்டது. மேனேஜருக்குப் பிடிக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

தேதியைக் கவனியுங்கள். பெரும்பாலான கிளப்புகளுக்குக் கணக்காண்டு ஜூன் 30இல் முடிகிறது. லிவர்பூல் போன்ற சிலவற்றுக்கு மே 31. ஜூலை 1 அன்று விற்றது இந்த ஆண்டுக்கு உதவாது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு நடந்தது அதுதான். இரண்டு ஆண்டு சாம்பியன்ஷிப், ஓர் ஆண்டு பிரீமியர் லீக் என்பதால் அவர்களுடைய வரம்பு 61 மில்லியன். பிரென்னன் ஜான்சன், சொந்த அகாடமிப் பையன். ஜூனுக்குள் வந்த விலைக்கு விற்காமல் பொறுத்திருந்து, 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். காத்திருந்ததால் நல்ல விலை வந்தது, வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவு என்று வாதாடினார்கள். விசாரணை ஆணையம் ஏற்கவில்லை. 34.5 மில்லியன் தாண்டியதாக 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது. நான் ஃபாரஸ்ட் பக்கம்தான். ஆத்திர அவசரத்துக்குக் குறைந்த விலையில் விற்பதைவிட இரண்டு மாதம் பொறுத்து விற்பது ஒரு கிளப்பை எப்படி நிலைகுலைக்கும்? ஆனால் ஆண்டு முடிவு ஆண்டு முடிவுதான். மார்ச் 31க்கு மேல் போட்ட பில்லை முந்தின வருடத்தில் ஏற்ற முடியுமா என்று யாராவது கேட்டால் எங்கள் ஆடிட்டரும் இதையேதான் சொல்வார்.

ஜூன் கடைசி வாரம் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்

2024 ஜூன் மாதச் செய்திகளை யாராவது கோத்து வைத்திருந்தால் நல்ல பாடப்புத்தகம். வில்லாவிலிருந்து டிம் இரோக்புனம் எங்களுக்கு, சுமார் 9 மில்லியன். அடுத்த நாளே எங்கள் அகாடமியின் லூயிஸ் டாபின் வில்லாவுக்கு, சுமார் 10. பணம் என்று பார்த்தால் ஏறக்குறையச் சரிக்குச் சரி. கணக்கில்? டாபின் விற்பனை லாபம் 10, உடனே. இரோக்புனத்துக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 3. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கிளப்புகளும் அந்த ஜூனில் லாபம் எழுதிக்கொண்டன. டாபின் அந்தப் பருவத்தை வில்லாவில் ஆடவே இல்லை. லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, வேறு கிளப்புக்குப் போய்விட்டார்.

அதே மாதத்தில் வில்லாவின் ஒமரி கெல்லிமன் செல்சிக்கு, செல்சியின் இயன் மாட்சன் வில்லாவுக்கு. நியூகாசிலில் வளர்ந்த எலியட் ஆண்டர்சன் ஃபாரஸ்டுக்கு, ஃபாரஸ்டின் கோல்கீப்பர் விளாகோடிமோஸ் நியூகாசிலுக்கு. இவையெல்லாம் விதிமீறல் என்று நான் சொல்லவில்லை. எலியட் ஆண்டர்சன் பிறகு இங்கிலாந்து அணிக்கே ஆடினார், நல்ல வாங்குதல்தான். ஆனால் இப்படி இரண்டு கிளப்புகளுக்கிடையே இருவழிப் போக்குவரத்து ஜூன் 30க்கு முந்தின வாரத்தில் நடந்தால், அங்கே சொல்லும் விலை அந்த வீரரின் சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வீரரின் விலையை ஒப்பிடும்போது இந்த விலைகளை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

சந்தை மதிப்பு என்று இணையத்தில் வரும் எண்களுக்கும் இதே எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளம் சொல்வது ஒரு மதிப்பீடு. வயது, ஃபார்ம், லீக் எல்லாம் பார்த்துச் சொல்வது, உபயோகமானதும்கூட. ஆனால் அது கிளப்பின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தக மதிப்பு 8 இருக்கும் வீரருக்குச் சந்தையில் 70 கிடைக்கலாம். 45 இருப்பவரை 15க்குக்கூட யாரும் கேட்காமல் இருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. விற்றால் 30 நஷ்டம் அன்றே கணக்கில் ஏறும். அதனால்தான் சம்பளத்தில் பாதியைத் தாங்களே கொடுத்தாவது அவரை லோனில் அனுப்புகிறார்கள். 'கட்டாயம் வாங்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் லோன் வேறு ரகம். வாங்குவது நிச்சயம் என்றால் கணக்குக்காரர்கள் அதை முதல் நாளிலேயே விற்பனை என்றுதான் எழுத வேண்டும். நிபந்தனையில் 'கீழ் லீக்குக்குத் தள்ளப்படாவிட்டால்' மாதிரி ஏதாவது இருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். அந்தச் சின்ன எழுத்துக்களைத் தேடுங்கள்.

தவணை பற்றி ஒரு வரி: '50 மில்லியன், நான்கு தவணையில்' என்பது ரொக்கக் கையிருப்புக்கு முக்கியம், மேலே போட்ட தேய்மானக் கணக்குக்கு அல்ல.

செல்சியின் மீதிப் பாதி

பி.எஸ்.ஆர். பார்ப்பது மொத்த லாப நஷ்டத்தை. அங்கே கால்பந்தோடு சம்பந்தமில்லாத லாபமும் உதவும். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தை ஒட்டியுள்ள இரண்டு ஹோட்டல்களை 76.5 மில்லியனுக்கு செல்சி விற்றது. வாங்கியது அதே உரிமையாளர்களின் இன்னொரு கம்பெனி. 2024 ஜூன் கடைசியில் பெண்கள் அணியைத் தாய்க் கம்பெனிக்கு விற்றது, கிட்டத்தட்ட 200 மில்லியனுக்கு. அந்த ஆண்டு கணக்கில் லாபம் காட்டினார்கள். இந்த விற்பனை இல்லாவிட்டால் நஷ்டம். பிரீமியர் லீக் விதியில் இதற்குத் தடை இல்லை. யூஃபா இதை ஏற்றுக்கொள்ளாது; 2025 ஜூலையில் 31 மில்லியன் யூரோ அபராதம் போட்டது, கேட்காவிட்டால் இன்னும் 60 என்றது. வலது சட்டைப்பையில் இருந்ததை இடது பையில் போட்டுவிட்டு வருமானம் என்று சொன்னால் எங்கள் ஊர் வருமான வரி அதிகாரி என்ன செய்வார் என்று மருமகனிடம் கேட்டேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

இனி வரும் அளவுகோல்

2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்களித்து, 2026-27 பருவத்திலிருந்து பி.எஸ்.ஆருக்குப் பதிலாக அணிச் செலவு விகிதத்தைக் கொண்டுவர முடிவெடுத்தன. சுருக்கமாகச் சொன்னால்: வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் சம்பளம், வீரர் தேய்மானம், ஏஜென்ட் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, கால்பந்து வருவாயோடு வீரர் விற்பனையின் நிகர லாபத்தைச் சேர்த்தால் வரும் தொகையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் முதலில் பணத் தண்டம். அதற்கென்று வைத்திருக்கும் சலுகை வரம்பையும் தாண்டினால்தான் புள்ளி வெட்டு. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு யூஃபாவின் விகிதம் இதைவிட இறுக்கம்: 2023-24இல் 90, அடுத்த ஆண்டு 80, 2025-26 முதல் 70 சதவீதம்.

நமக்கு என்ன மாறுகிறது? ஹோட்டல் விற்ற காசு கால்பந்து வருவாய் அல்ல என்பதால் அந்த வழி அடைபடுகிறது. தேய்மானக் கணக்கு அப்படியே தொடர்கிறது, ஆகவே மேலே பழகியது எதுவும் வீணாகாது. ஆனால் விற்பனை லாபம் இன்னும் கணக்கில் இருக்கிறது. வருவாய் 200 உள்ள கிளப் 170 வரை செலவழிக்கலாம். அதே கிளப் ஓர் அகாடமிப் பையனை 40க்கு விற்றால் 240இல் 85 சதவீதம், அதாவது 204. ஒரே கையெழுத்தில் 34 மில்லியன் இடம். உள்ளூர்ப் பையன்களை விற்கச் சொல்லும் தூண்டுதல் போய்விட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். புதிய விதியில் வருவாய் பெரிதாக உள்ளவர்களுக்குத்தான் அனுகூலம் என்பதும் என் கட்சி. 600 மில்லியன் வருவாயில் 85 சதவீதமும் 200இல் 85 சதவீதமும் ஒன்றா?

கணக்கறிக்கையை எடுப்பது எப்படி

காசு செலவில்லை. பிரிட்டன் அரசின் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் கிளப்பின் சட்டப்பூர்வப் பெயரைத் தட்டினால், தாக்கல் செய்த ஆவணங்கள் வரிசையாக வரும். ஒரே கிளப்புக்கு மேலே இரண்டு மூன்று ஹோல்டிங் கம்பெனிகள் இருக்கும். குழுமக் கணக்கு என்று போட்டிருப்பதை எடுங்கள், தனி நிறுவனக் கணக்கில் பாதி விஷயம் இருக்காது. ஜூன் 30 ஆண்டு முடிவுள்ள தனியார் கம்பெனிக்கு ஒன்பது மாத அவகாசம் என்பதால் பல கிளப்புகளின் அறிக்கை மார்ச் மாதக் கடைசியில்தான் வரும். பி.எஸ்.ஆர். கணக்கை டிசம்பர் 31க்குள் லீக்கிடம் கொடுத்துவிட வேண்டும். யார்மீது குற்றச்சாட்டு என்பது ஜனவரி நடுவிலேயே தெரிந்துவிடும். நாம் அறிக்கையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

திறந்தவுடன் தலைவரின் உரையைத் தாண்டிப் போங்கள். பின்பகுதியிலுள்ள குறிப்புகளில் 'தொட்டறிய முடியாத சொத்துகள்' பற்றிய அட்டவணைதான் நமக்கு வேண்டியது. மேல் பாதியில் வீரர்களை வாங்கிய அடக்கவிலை, இந்த ஆண்டு சேர்ந்தது, விற்றதால் கழிந்தது. கீழ்ப் பாதியில் இதுவரை தேய்ந்தது, இந்த ஆண்டு தேய்ந்தது. கடைசி வரியில் மீதி. வீரர் பெயர் ஒன்றும் இருக்காது, மொத்தத் தொகை மட்டும். இந்த ஆண்டின் தேய்மானத்தோடு சம்பளத்தைக் கூட்டி வருவாயால் வகுத்தால் தோராயமான விகிதம் கைக்கு வந்துவிடும். தோராயம் என்று சொல்வதற்குக் காரணம், அறிக்கையிலுள்ள சம்பளத்தில் அலுவலக ஊழியர்களும் டிக்கெட் கவுன்டர் ஆட்களும் சேர்ந்திருப்பார்கள்.

அடுத்து 'ஆண்டு முடிவுக்குப் பின் நடந்தவை' என்ற குறிப்பு, பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். அறிக்கைத் தேதிக்குப் பிறகு யாரை வாங்கினோம், விற்றோம், நிகரத் தொகை எவ்வளவு என்று இரண்டு மூன்று வரி இருக்கும். செய்திகளில் 'தொகை வெளியிடப்படவில்லை' என்று போட்டவற்றின் மொத்தம் இங்கே அகப்படும். அப்புறம், வீரர்களுக்காக மற்ற கிளப்புகளுக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி. கடன்கொடுத்தோர் குறிப்பில் தனியாகக் காட்டியிருப்பார்கள். போனஸாகத் தர வேண்டி வரலாம் என்ற தொகை வேறொரு குறிப்பில் இருக்கும். அணி ஜெயித்தால் அதுவும் செலவாகும்.

பல ஆவணங்கள் ஸ்கேன் செய்த படங்கள்தான்; சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உள்ளடக்கப் பக்கத்தில் குறிப்புகள் எந்தப் பக்கத்தில் தொடங்குகின்றன என்று பார்த்து அங்கே போய்விடுங்கள். போனில் பார்க்காதீர்கள், எண்கள் பொடிப்பொடியாக இருக்கும்.